அந்தக் கார் யாருடையது, தம்பி?

சிவப்பு நிறக் கார். தரையோடு தரையாகப் படுத்தது போன்ற உருவம். முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. அதன் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு வாலிபர் நின்று சிரிக்கிறார். பின்னால் வானத்தைத் தொடும் கட்டிடங்கள்.

இப்படி ஒரு படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

துபாயில் வேலை செய்யும் மகன் அனுப்பியிருப்பார். அல்லது சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அனுப்பியிருப்பார். செல்போனில் படம் வந்ததும் அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போவார். பக்கத்து வீட்டிலிருந்து டீக்கடைக்குப் போகும். மாலைக்குள் ஊர் முழுவதும் பேச்சு.

"பார்த்தீங்களா, அவங்க பையன் எவ்வளவு பெரிய காருல போறான்!"

அந்தப் பையன் அந்தக் காரில் போகவில்லை. கார் யாருடையதோ! தெரு ஓரத்தில் நின்றது. இவர் பக்கத்தில் போய் நின்றார். படம் பிடித்துக் கொண்டார். அவ்வளவுதான்.

படம் பிடித்ததில் தவறு இல்லை. அந்தப் படம் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு நடப்பதுதான் கவலை தருகிறது.

அதியமான் காலத்து ஆசை

நல்ல வண்டியைக் கண்டால் நின்று பார்ப்பது மனித சுபாவம். தர்மபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைய தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுடைய வீரத்தைப் புகழ்ந்து ஔவையார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. அதில் ஒரு தச்சன் வருகிறான். ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்து முடிக்கும் கெட்டிக்காரத் தச்சன். அவனே ஒரு மாதம் முழுவதும் பாடுபட்டு, ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அந்தச் சக்கரம் எப்படி இருக்கும்? அதியமான் அப்படிப்பட்டவன் என்கிறார் ஔவையார்.

அவசரமாகச் செய்த வண்டிக்கும் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டிக்கும் உள்ள வேற்றுமை, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் தெரிந்திருக்கிறது!

இன்றைக்கும் அதே கதைதான். இங்கிலாந்தில் 'ரோல்ஸ் ராய்ஸ்' கார் செய்கிறார்கள். அதன் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அதை இயந்திரம் போடுவதில்லை. ஒரு மனிதர் தூரிகையைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கையால் வரைகிறார். கோணல் இருக்காது. அதைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியுமா?

காத்திருந்து பார்க்கும் கூட்டம்

உலகத்தின் பெரிய நகரங்களில், அரிய கார்களைப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட கூட்டம் இருக்கிறது. பறவை பார்ப்பவர்கள் ஏரிக்கரையில் காத்திருப்பது போல, இவர்கள் பெரிய ஓட்டல்களின் வாசலில் காமிராவோடு காத்திருப்பார்கள்.

லண்டனில் நைட்ஸ்பிரிட்ஜ் என்ற பகுதி இதற்குப் பெயர் பெற்றது. கோடைக் காலத்தில் வளைகுடா நாட்டுச் செல்வர்கள் அங்கே வந்து தங்குவார்கள். தங்கள் கார்களையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டு வருவார்கள்! இரவு நேரத்தில் அந்தக் கார்கள் உறுமுகிற உறுமலில் அங்கே குடியிருப்பவர்களுக்குத் தூக்கம் போயிற்று. 2015-ல் அந்தப் பகுதி நகரசபை, வீணாக இன்ஜினை உறும விடுவோருக்கு அபராதம் என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று.

தர்மபுரி வழியாகவும் 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை போகிறது. பெங்களூரிலிருந்து வரும் விலை உயர்ந்த கார்கள் அதில் பறப்பதைக் காணலாம். ஆனால் என்ன கார் என்று கேட்டு முடிப்பதற்குள் அது தொப்பூர் பக்கம் போயிருக்கும்! அயல்நாட்டு நகரங்களிலோ அவை கடை வாசலில் நிற்கின்றன. சுற்றி வந்து பார்க்கலாம். காசு கேட்பார் இல்லை.

மாதம் முழுவதும் வெயிலில் உழைத்த தொழிலாளிக்கு விடுமுறை நாளில் இது ஒரு இலவசக் கண்காட்சி. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஒரு நம்பருக்கு 120 கோடி!

துபாயின் கதையைக் கேளுங்கள்.

அங்கே போலீசாரே பந்தயக் கார் வைத்திருக்கிறார்கள். 2013-ல் 'லம்போர்கினி' கார் போலீஸ் படையில் சேர்ந்தது. அடுத்து 'புகாட்டி' வந்தது. மணிக்கு 407 கிலோ மீட்டர் வேகத்தில் போகக்கூடியது என்று அது கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றது. சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் இவற்றைக் கொண்டு வந்து நிறுத்துவார்கள். சுற்றிலும் கூட்டம் கூடும்.

காரின் விலை இருக்கட்டும். காரில் மாட்டும் நம்பர் பலகைக்கு என்ன விலை தெரியுமா? 2023 ஏப்ரலில் துபாயில் ஓர் ஏலம் நடந்தது. ஏழைகளுக்கு உணவு வழங்கும் திட்டத்துக்காக நடந்த ஏலம் அது. அதில் 'பி 7' என்ற நம்பர் 5 கோடியே 50 லட்சம் திர்ஹமுக்கு ஏலம் போயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 120 கோடி ரூபாய்!

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்னாகரம் பக்கத்துப் பிள்ளை ஒருவர் துபாயில் கட்டிட வேலை செய்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். சம்பளம் மாதம் 1,500 திர்ஹம். சாப்பிடாமல், உடுத்தாமல், ஊருக்கு ஒரு காசும் அனுப்பாமல் அத்தனையும் சேர்த்து வைக்கிறார். அந்த ஒரு நம்பர் பலகையை வாங்க எத்தனை ஆண்டு ஆகும்?

3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதியமான் காலத்திலிருந்து சேர்த்து வந்திருந்தாலும் இன்னும் கடன்தான்!

காருக்கும் அதன் பக்கத்தில் நிற்கும் வாலிபருக்கும் நடுவே உள்ள தூரம் ஓரடிதான். அந்த ஓரடிக்குள் 3,000 ஆண்டு அடங்கியிருக்கிறது. படத்தில் அது தெரிவதில்லை.

சிங்கப்பூர் கணக்கு வேறு

சிங்கப்பூரில் இன்னொரு விந்தை. அங்கே சாதாரணக் காரே ஆடம்பரக் கார்தான்.

சின்னத் தீவு அது. எல்லோரும் கார் வாங்கினால் சாலையில் நிற்க இடம் இராது. ஆகவே 1990-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கார் வாங்க வேண்டுமானால் முதலில் அரசாங்கத்திடம் உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். அது 10 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகும் காரை வைத்திருக்க வேண்டுமானால் மறுபடி பணம் கட்ட வேண்டும்.

2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் ஒன்றின் விலை 1,50,001 சிங்கப்பூர் டாலராக உயர்ந்தது. நம் பணத்தில் சுமார் 90 லட்சம் ரூபாய். கார் இல்லை, வெறும் காகிதம்! காரின் விலை தனி. வரி தனி.

இதனால் அங்கே நல்ல சம்பளக்காரர்கள் பலரும் பஸ்ஸிலும் ரெயிலிலும் போகிறார்கள். அதற்காக யாரும் அவர்களைத் தாழ்வாக நினைப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து நம் பிள்ளைகள் ஒரு படம் அனுப்புவதானால், அந்த ரெயிலையும் படம் பிடித்து அனுப்பலாம்.

அதே ஊரில் இன்னொரு காட்சியும் உண்டு. கட்டிடத் தொழிலாளர்களைச் சரக்கு லாரியின் பின்பக்கத்தில் உட்கார வைத்து வேலைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் அங்கே நெடுநாளாக இருந்து வருகிறது. விபத்துக்கள் நடந்திருக்கின்றன. பாராளுமன்றத்திலும் அது பற்றிக் கேள்விகள் எழுந்தன. அப்படிப் போகிற தொழிலாளர்களில் தமிழர்களும் உண்டு. சிக்னலில் லாரி நிற்கிறது. பக்கத்தில் ஒரு 'பெராரி' கார் வந்து நிற்கிறது. லாரியிலிருந்து ஒருவர் செல்போனை நீட்டிப் படம் பிடிக்கிறார்.

ஊருக்கு வருவது பெராரியின் படம். லாரியின் படம் வருவதில்லை.

படத்தில் சிரித்தவர்

தர்மபுரி மாவட்டத்தில் பிழைப்புக்காக வெளியூர் போவது வழக்கம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறவர்கள் ஏராளம். கடல் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. மழை பொய்த்தால் மானாவாரி நிலத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. போகிறவர்களைத் தடுப்பது நம் நோக்கம் அல்ல. என்ன தெரிந்துகொண்டு போகிறார்கள் என்பதே கேள்வி.

கார்ப் படம் ஊரில் செய்கிற வேலைகளைப் பாருங்கள்.

கல்யாணத் தரகர் அதைக் காட்டிப் பெண் கேட்கிறார். பெண் வீட்டார் மயங்குகிறார்கள். தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பவுனைக் கூட்டிக் கேட்கிறார்கள். "உங்க பையன்தான் துபாயில காரோட நிக்கிறாரே!" சொந்தக்காரர்கள் கைமாற்றுக் கேட்டு வருகிறார்கள். இல்லை என்றால் மனஸ்தாபம்.

பத்தாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் புத்தகத்தை மூடி வைக்கிறான். "அண்ணன் மாதிரி நானும் போறேன்" என்கிறான். ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார். 2 லட்சம் கேட்கிறார். அரை ஏக்கர் நிலம் அடமானம் போகிறது. அல்லது மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள்.

2 லட்சத்துக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய். அங்கே போன பையன் வயிற்றைக் கட்டி மாதம் 1,000 திர்ஹம் அனுப்புகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். நம் பணத்தில் 23,000 ரூபாயோ கொஞ்சம் கூடவோ வரும். அதில் வட்டிக்கு 6,000 போய்விடும். முதல் அப்படியே நிற்கும். வீட்டுச் செலவு, தங்கை படிப்பு, அப்பா வைத்தியம் எல்லாம் மீதியில் நடக்க வேண்டும்.

இவற்றை எல்லாம் விடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. அது படத்தில் சிரித்தவருக்கே வருகிறது.

சம்பளம் இரண்டு மாதம் வரவில்லை என்று அவர் வீட்டில் சொல்ல முடியாது. ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம் என்று சொல்ல முடியாது. முதுகு வலிக்கிறது, திரும்பி வந்து விடுகிறேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் ஊர் நம்புமா? பெரிய காருக்குப் பக்கத்தில் நின்றவர் ஆயிற்றே! பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. விளையாட்டாக ஒரு படம் அனுப்பினார். அந்தப் படம் அவர் வாயைக் கட்டிவிட்டது.

படத்தில் சிரித்தவர் போனில் அழ முடிவதில்லை. கடல் கடந்த வாழ்க்கையில் இதைவிடத் தனிமை வேறு உண்டா?

காளையின் கதை

அப்படியானால் காரைப் பார்க்கவே கூடாதா? நன்றாகப் பார்க்கலாம். இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும் என்பதுதான் நம் கட்சி.

லம்போர்கினி காரின் முன்னால் ஒரு காளை மாட்டின் சின்னம் இருக்கும். அதைத் தொடங்கிய பெருச்சியோ லம்போர்கினி யார் தெரியுமா? இத்தாலியில் திராட்சை பயிரிட்ட விவசாயி வீட்டுப் பிள்ளை. இயந்திரங்கள் மேல் ஆசை கொண்டவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1948-ல் டிராக்டர் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1963-ல்தான் கார் கம்பெனி ஆரம்பித்தார். உழவுக்கு வண்டி செய்த கைதான் உலகம் வாய் பிளக்கும் காரையும் செய்தது!

பெராரி காரில் பாயும் குதிரைச் சின்னம் இருக்கும். அது முதல் உலகப் போரில் புகழ் பெற்ற இத்தாலிய விமானி பிரான்சிஸ்கோ பராக்காவின் விமானத்தில் இருந்த சின்னம். 'மெர்சிடிஸ்' என்பது ஒரு சிறுமியின் பெயர். அவளுடைய தந்தை எமில் எல்லினெக் கார் வியாபாரி. மகளின் பெயரைக் காருக்கு வைத்தார்.

இவற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால், கார் வெறும் பணக்காரச் சாமானாகத் தெரியாது. அதைச் செய்த மனிதர்களின் மூளையும் கையும் தெரியும்.

நம் ஊர்க் கை

அந்தக் கைகளில் நம் ஊர்க் கைகளும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஜெர்மனியின் 'பி.எம்.டபிள்யூ.' காரைப் பார்த்தால் அயல்நாட்டில் நம் பிள்ளைகள் படம் பிடிக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை 2007-ல் நம் செங்கல்பட்டு அருகே திறக்கப்பட்டது. அங்கே அந்தக் கார்களைப் பூட்டிச் சேர்ப்பவர்கள் நம் நாட்டுத் தொழிலாளர்கள்.

லண்டன் தெருவில் 'ஜாகுவார்', 'ரேஞ்ச் ரோவர்' கார்களைக் கண்டால் ஆங்கிலேயர் பெருமை என்று நினைக்கிறோம். அந்தக் கம்பெனியை 2008-ல் நம் நாட்டு டாடா நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. அந்தக் கார்களையும் செய்வதற்காக ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2004 வரையில் அது தர்மபுரி மாவட்டத்து ஊர். அங்கே டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்கிறது. 1898-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'நார்ட்டன்' என்ற புகழ் பெற்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியை, 2020-ல் டி.வி.எஸ். வாங்கியது!

ஆகவே, காரைப் பார்த்து ஆசைப்படும் பையனிடம், "இதை வாங்கணும்னு ஆசையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதைச் செய்யக் கத்துக்க ஆசையா?" என்றும் கேளுங்கள். ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலையோ, மோட்டார் மெக்கானிக் வேலையோ, வெல்டிங்கோ ஒழுங்காகக் கற்றவன் வெளிநாடு போனாலும் அவனுக்கு மதிப்பு வேறு. கையில் தொழில் இல்லாமல் போகிறவனுக்குக் கிடைக்கும் மதிப்பு வேறு.

என்ன செய்யலாம்?

வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளுக்கு மூன்று வார்த்தை.

காரைப் படம் பிடியுங்கள். ஆனால் அடுத்தவர் வண்டி மேல் சாயாதீர்கள். வண்டியில் இருப்பவர்களையும், பெண்கள், குழந்தைகளையும் படத்தில் சேர்க்காதீர்கள். ஐக்கிய அரபு நாட்டில், அனுமதி இல்லாமல் பிறரைப் படம் பிடிப்பது சட்டப்படி குற்றம். சிறையும் பெரும் அபராதமும் வரக்கூடும். ஒரு படத்துக்காக வேலையை இழக்க வேண்டாம்.

ஊருக்கு அனுப்பும்போது படத்தோடு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். "யாரோ ஒருவர் கார், தெருவில் பார்த்தேன்" என்று எழுதினால் உங்கள் மானம் போகாது. பக்கத்து வீட்டு நிலம் பிழைக்கும்.

அடுத்த முறை நீங்கள் வேலை செய்யும் இடத்தையும், தங்கும் அறையையும், உடன் உழைக்கும் நண்பர்களையும் படம் பிடித்து அனுப்புங்கள். நீங்கள் கட்டிய சுவரைக் காட்டுங்கள். அதில் இல்லாத பெருமையா காரில் இருக்கிறது?

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். படம் வந்தால், "அந்தக் கார் யாருதுப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பிறகு, "நீ சாப்பிட்டியா? சம்பளம் சரியா வருதா? எத்தனை பேர் ஒரு ரூம்ல இருக்கீங்க?" என்று கேளுங்கள். கேட்டால்தான் பிள்ளை சொல்லுவான். "எப்ப வேணும்னாலும் திரும்பி வாப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அந்த வார்த்தைக்கு எந்தக் காரும் ஈடாகாது.

புதிதாகப் புறப்படுகிறவர்கள் படத்தை நம்பிப் போகக்கூடாது. காகிதத்தை நம்பிப் போக வேண்டும். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழுள்ள விதிகள்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். 2 லட்சம் கேட்பவரிடம் லைசென்சைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது கேளுங்கள். அவர் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே விசாரியுங்கள். பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால், அது வேலைக்குப் போகும் வழி அல்ல. வம்பில் மாட்டும் வழி.

உலகத்தில் நல்ல கார்கள் இருக்கட்டும். நம் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும். நாளைக்கு அவர்களில் சிலர் சொந்தமாக வாங்கவும் செய்யலாம். அதைவிடச் சிறந்த காரைச் செய்யவும் செய்யலாம். அதுவரை, கார்க்காரர் கதையை நம் கதையாகச் சொல்ல வேண்டியதில்லை.

உழைத்து மாதம் 20,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்புகிறவர், எந்தக் காரின் பக்கத்திலும் நிற்காமலே பெரிய மனிதர்தான்.